பதினைந்தாவது ராடு

எங்கள் ஊரில் தண்ணீருக்குத் துளையிட்டுப் போர் போடும் இடத்தில் சொல்லக் கூடாத சொற்கள் இரண்டு உண்டு. ஒன்று ‘இல்லை’, மற்றொன்று ‘போதும்’. வண்டி வந்து நிற்கும், சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் நசுங்கும், தேங்காய் உடையும், கற்பூரம் அணையும் முன்பே ராடு எனும் இரும்புக் கம்பி மண்ணுக்குள் இறங்கத் தொடங்கிவிடும். அதன் பிறகு யார் வந்து ‘தண்ணி வந்துச்சா?’ என்று கேட்டாலும் ‘வருது, வருது’ என்றுதான் விடை கூற வேண்டும். பூமிக்குக் காது உண்டு. அவநம்பிக்கையைக் கேட்டால் அது ஊற்றை மூடிக்கொள்ளும் என்று எங்கள் பக்கத்தில் நம்பினார்கள். அந்த வழக்கத்தை அறிந்தே மீறிய ஒருவர் இருந்தார். யாருடைய நிலத்தில் போர் வண்டி நின்றாலும் அங்கே அவரும் நிற்பார். நின்று, பார்த்து, ‘போதும்’ என்பார்.

அவர் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர். சந்தாபுராவிலிருந்து ஆனேக்கல் செல்லும் சாலையில் பேருந்தை விட்டு இறங்கி, தைலமரத் தோப்பைக் கடந்து நடந்தால் முதலில் வருவது அவர் நிலம்; அடுத்தது எங்களுடையது. இரத்த உறவு ஏதுமில்லை. ஆயினும் அவரை மாமா என்றும், அவர் மனைவியை அத்தை என்றும் அழைத்தே வளர்ந்தேன். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஊரார் அவருக்குச் சூட்டிய பெயர்கள் எழுதத் தக்கவை அல்ல. பெற்றோர் சூட்டிய பெயரை எழுதும் உரிமையை நான் இழந்துவிட்டேன். இழந்த விதத்தைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

நெட்டை உடம்பு. தலையில் கட்டிய துண்டின் ஒரு முனை எப்போதும் வாயையும் மூக்கையும் மூடியிருக்கும். பேச வேண்டும் என்றால்தான் அதை இறக்குவார். பேசும்போது எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்க மாட்டார். அவர் தோளைத் தாண்டி, அவருடைய வீட்டைப் பார்ப்பார். கூரையைப் பார்ப்பார். கொடியில் காயும் துணியைப் பார்ப்பார். ‘கண்ணு வைக்கிறான்’ என்று பெண்கள் முணுமுணுப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த ஆண்டுகளைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். மூன்று பருவம் தொடர்ந்து மழை பொய்த்திருந்தது. விதைத்த ராகி முளைத்துக் கருகியது. மறுபடி விதைத்தது முளைக்கவே இல்லை. உழுது போட்ட நிலம் மூடுவதற்கு ஒரு பச்சையும் இன்றிக் கிடந்தது. மாசியில் காற்று எழுந்தபோது அந்த நிலம் எழுந்து நடந்தது. கிழக்கே கல்லுடைக்கும் ஆலைகளின் வெள்ளைத் தூள், மேற்கே எங்கள் வயல்களின் செம்மண். இரண்டும் கலந்து பிற்பகல் தோறும் ஒரு சுவர் போல வரும். அது வரும் ஓசை முதலில் தைலமரத் தோப்பில் கேட்கும். உடனே அம்மா, ‘தட்ட மூடு! தட்ட மூடு!’ என்று கத்துவார். களி உருண்டை மேல் தட்டைக் கவிழ்த்து, அதன் விளிம்புக்குக் கீழே கையை நுழைத்துக் கிள்ளிக் கிள்ளி உண்போம். அப்படியும் ஒவ்வொரு கவளத்திலும் பல்லில் மண் நெரியும். குடிநீர்க் குடத்தின் வாயில் ஈரத் துணி கட்டியிருப்போம். மாலையில் அந்தத் துணியை அலசிய செந்நிற நீர் மாட்டுக்குப் போகும். முகம் கழுவிய நீர் பாத்திரம் துலக்கும். பாத்திரம் துலக்கிய நீர் முருங்கைக்குப் போகும். வாரம் இருமுறை வரும் லாரியின் முன்னே குடங்கள் விடியலிலிருந்து வரிசையில் நிற்கும். குடத்துக்குப் பதில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போனால் அந்தக் கல்லை மதிக்கும் நாகரிகம் முதலாண்டில் இருந்தது. இரண்டாம் ஆண்டில் இல்லை.

மல்பெரி இலையில் புழுதி படிந்தால் பட்டுப்புழு உண்ணாது, உண்டால் சாகும். இலையைக் கழுவ நீர் ஏது? ஆகவே புழு வளர்த்த மூங்கில் தட்டுகள் சுவரோரம் சாத்திக் கிடந்தன. அவற்றில் கோழிகள் முட்டையிட்டன. பெங்களூர்க் கல்லூரிக்கு நான் நாள்தோறும் இரண்டு பேருந்து மாறிச் செல்வேன். வகுப்பறை வாசலில் தோழியர், ‘ஏய், உன் நோட்டைத் தட்டிட்டு உள்ள வாடி’ என்பார்கள். தட்டினால் எங்கள் வயலில் ஒரு சிட்டிகை அந்தப் பளிங்குத் தரையில் விழும்.

இத்தகைய காலத்தில் மனிதர்கள் கீழ்நோக்கி நம்பத் தொடங்கினார்கள். வானம் தராததைப் பாறை தரும் என்று எண்ணினார்கள். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வரும் போர் வண்டிகள் எங்கள் ஊர்ச் சாலையில் திருவிழா வண்டிகள் போல ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. மாமாவும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் போனார்.

அவரது முறை மாறாதது. வருவார். யாரிடமும் தண்ணீர் கேட்க மாட்டார். தம் பாட்டிலைத் தாமே கொண்டு வருவார். வந்ததும் வண்டியின் பக்கம் போகாமல், வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போவார். மாட்டுக் கொட்டகையை எட்டிப் பார்ப்பார். அடுக்களை வாசலில் ஒரு கணம் நிற்பார். ‘மாடு புடிக்க வந்த தரகன் மாதிரி சுத்தி வர்றதப் பாரு’ என்று ஆண்கள் சிரிப்பார்கள். பிறகுதான் வண்டிக்கு வருவார். துளையிலிருந்து சீறி வரும் கல்தூளை ஒரு பிடி அள்ளுவார். உள்ளங்கையில் பரப்புவார், முகர்வார், நுனி நாக்கில் ஒரு துளி வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். முழு ஊரும் அந்த நாக்கைப் பார்த்து நிற்கும். கண் திறந்ததும் துப்பிவிட்டு, பெரும்பாலும் ஒன்றே சொல்வார்.

“இதுல ஈரம் இல்லப்பா. கீழ பூரா ஒரே கல்லு. போதும், வண்டிய அனுப்பிச்சுடு.”

ஒருமுறை மேட்டுத் தெருவில் ஒருவர் கொதித்துப் போனார். “உன் வாய்ல வசம்பு வச்சித் தேய்க்க! நல்ல காரியம் நடக்கிற எடத்துல இன்னா பேச்சு இது?”

“தேய்ச்சுக்கோ,” என்று வாயைத் திறந்தே காட்டினார் மாமா. “தேய்ச்சுட்டு வண்டிய அனுப்பிச்சுடு.”

கூட்டம் சிரித்தது. அந்த மனிதர் ஒரு கல்லை எடுத்து எறிந்தார். கல் எவர் மேலும் படவில்லை. ஆனால் வண்டி நின்றது. ஓராண்டு காலம் அவர் டீக்கடையில், ‘நல்லா வந்துக்கினு இருந்த ஊத்து. அந்த ஆளு வாய வச்சான், மூடிக்கிச்சு’ என்று சொல்லித் திரிந்தார். அவருடைய இரண்டு எருதுகளும் அந்தக் கோடையைக் கடந்து உயிரோடு இருந்தன என்பதை அவரும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை.

பெண்கள் உபாயம் செய்வார்கள். போர் வண்டி வரும் நாளில், ‘அண்ணா, கொஞ்சம் ஆனேக்கல் வரைக்கும் போயிட்டு வர்றீங்களா? பிள்ளைக்கு ஒரு மருந்து வாங்கணும்’ என்று அனுப்பி வைப்பார்கள். மறுக்காமல் போவார். மருந்தை வாங்கிக்கொண்டு அடுத்த பேருந்திலேயே திரும்பி, தலையெல்லாம் புழுதியாக நேரே போர் வண்டியருகே வந்து நிற்பார். “இந்தாம்மா மருந்து. எத்தினி ராடு எறங்கிச்சு?”

அவர் வீட்டுச் சன்னலில் ஏழு கண்ணாடிப் புட்டிகள் வரிசையாக இருந்தன. ஏழிலும் மண். அவர் தம் நிலத்தில் ஏழு போர் போட்டுத் தோற்றவர். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு புட்டி எடுத்து வைத்தார் என்பது ஊரறிந்த செய்தி. தயங்குபவர்களை அந்தச் சன்னலுக்கு அழைத்துச் சென்று காட்டுவார். ‘இது நூறு அடி. இது எரநூறு. பாரு, நெறம் எப்பிடி மாறுது. இந்த நெறம் வந்தா முடிஞ்சிது கதை.’ எட்டிப் பார்ப்பவர்கள், ‘ஆமாமா, நெறம் மாறுது’ என்று தலையசைப்பார்கள். பள்ளி நாள்களில் நானும் பார்த்திருக்கிறேன். ஐந்தாவது புட்டி லேசான ரோஜா நிறம் என்று இன்றும் சத்தியம் செய்வேன்.

அவருடைய ஏழாவது போருக்கு ஒரு தனி வரலாறு உண்டு. அதைப் பதினாறாவது ராடில் நிறுத்தினார். ஒரு ராடு இருபது அடி. அதாவது முந்நூற்று இருபது அடி. மறு ஆண்டு அந்தத் துண்டு நிலத்தை வாங்கிய ஒருவர் அதே இடத்தில், பத்தே முழம் தள்ளி, முந்நூற்று அறுபதில் நீர் கண்டார். நீர் குபீரென்று எழுந்த அன்று மாமாவும் கூட்டத்தில் நின்று நனைந்தார். ஊர் அவருக்காக வெட்கப்பட்டது. இந்த வரலாற்றை நான் நினைவில் வைத்திருந்தேன். சான்றுகளை நினைவில் வைப்பது என் பயிற்சி.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

எங்களிடம் இரண்டு பசுக்கள் இருந்தன: செவலை, மயிலை. விளைச்சல் இல்லாத அந்த ஆண்டுகளில் எங்கள் அடுப்பை எரித்தது பால்தான். அப்பா ஒரு முடிவுக்கு வந்தார்: போர் போட வேண்டும், நீர் வந்தால் மல்பெரி தழைக்கும், தீவனம் கிடைக்கும், விற்றதை மீண்டும் வாங்கலாம். செவலையை விற்றால் முந்நூறு அடி போகலாம். அதுவரை நீர் வராவிட்டால்? அதற்கு மேல் மயிலை. மயிலை அம்மாவின் பசு. அம்மா கன்றிலிருந்து வளர்த்தது. அப்போது எட்டு மாதச் சினை. ‘முந்நூறுக்குள்ள வந்துடும், நீ கவலப்படாத’ என்று அப்பா சொன்னார். செவலை போன அன்று அம்மா அதன் பழைய கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். விற்கும் மாட்டோடு கயிற்றைக் கொடுக்க மாட்டோம். வாங்குபவர் புதுக் கயிறு கொண்டு வருவார். பழையது வீட்டிலேயே தங்க வேண்டும்.

போர் போட்ட நாளில் தரகர் புதுக் கயிற்றோடு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். முந்நூறைத் தாண்டினால் மயிலையைக் கையோடு பிடித்துப் போவதாக ஏற்பாடு. வெற்றிலை மென்றுகொண்டு, கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு, அவர் எல்லோரையும் போல ‘வருது, வருது’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்கு இரண்டு நாள் முன்புதான் பெங்களூரில் கல்லூரிகளுக்கு இடையிலான பேச்சுப் போட்டியில் நான் முதல் பரிசு வென்றிருந்தேன். பித்தளைக் கேடயம் வீட்டு அலமாரியில் இருந்தது. அம்மா அதன் மேல் புழுதி படியாமல் துணி போர்த்தியிருந்தார். அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். வந்தவர்களிடமெல்லாம் அப்பா, ‘எங்க பொண்ணு மைக் முன்னாடி நின்னா புரொபசருங்களே வாயப் பொளந்துட்டுக் கேக்கறாங்க’ என்றார். எனக்கு அது இனித்தது. மறைப்பதற்கில்லை.

பத்து ராடு இறங்கியது, தூள். பன்னிரண்டு, தூள். துளையிலிருந்து எழுந்த வெண்புகை எங்கள் மல்பெரிச் செடிகளின் மேல் படிந்து, அவற்றைச் சாம்பலில் செய்த செடிகள் போல ஆக்கியது. பதினான்காவது ராடு இறங்கும்போது மாமா வந்தார். வழக்கம் போல வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். கொட்டகையில் மயிலையோடு அம்மா இருந்தார். மாமா அங்கே சற்று அதிக நேரம் நின்றார் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அப்போது அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை.

பதினைந்தாவது ராடு முழுதும் இறங்கியது. துளை போடும் டிரில்லர் கம்ப்ரஸரை நிறுத்தினார். மூன்று மணி நேர இரைச்சலுக்குப் பின் வந்த அந்த அமைதியில் தொலைவில் செல்லும் பேருந்தின் ஒலிகூடக் கேட்டது. “முந்நூறு ஆச்சுங்க. இன்னும் போலாமா?” என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா வாய் திறக்கும் முன் மாமா குனிந்து ஒரு பிடி தூளை அள்ளினார். முகர்ந்தார். நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

“போதும்ணா,” என்றார். “இதுக்குக் கீழ ஒண்ணும் கெடையாது. நிறுத்திடுங்க.”

அப்பாவின் தோள்கள் தளர்ந்தன. இன்றுவரை அந்தக் காட்சியை ஆயிரம் முறை திரும்பப் பார்த்துவிட்டேன்: அது ஏமாற்றத்தால் வந்த தளர்வு அன்று. சுமையை இறக்கி வைக்க இடம் கிடைத்தவனின் தளர்வு. அவர் டிரில்லரை நோக்கிக் கையை உயர்த்தத் தொடங்கியிருந்தார். அந்தக் கையை நான் பேசி நிறுத்தினேன்.

“மாமா, மூன்றே மூன்று கேள்விகள்,” என்றேன். மேடையில் எழும் அதே குரலில். கூட்டம் திரும்பியது.

“முதற்கேள்வி. மண்ணைத் தின்று நீரைச் சொல்லும் இந்தக் கலையை எந்தப் பள்ளியில் பயின்றீர்கள்?”

சிரிப்பு. மாமாவும் லேசாகச் சிரித்தார்.

“இரண்டாவது. இந்த ஊரில் எத்தனையோ இடங்களில் ‘போதும்’ என்றீர்கள். ஓர் இடத்திலாவது ‘தோண்டு’ என்றதுண்டா? எல்லா நோய்க்கும் ஒரே மருந்து கொடுப்பவர் வைத்தியரா?”

யாரோ சீழ்க்கை அடித்தார்கள். அப்பாவின் முகம் மலரத் தொடங்கியது. நான் சற்று நிறுத்தினேன். இறுதிக் கேள்விக்கு முன் மூன்று நொடி மௌனம் வேண்டும் என்பது பாடம்.

“மூன்றாவது. உங்கள் ஏழாவது கிணற்றைப் பதினாறாம் ராடில் நிறுத்தினீர்கள். அங்கே பதினெட்டாம் ராடில் தண்ணீர் இருந்தது. இரண்டே இரண்டு ராடு! தன் காலடியில் இரண்டு ராடு தூரத்தில் ஓடிய தண்ணீரை ருசிக்கத் தெரியாத நாக்கு, என் தந்தையின் தண்ணீரை இல்லையென்று சொல்ல வந்திருக்கிறதே, இது என்ன நியாயம்?”

கைதட்டல் எழுந்தது. பிளாஸ்டிக் குடங்களோடு நின்ற பெண்கள் குடத்தைத் தட்டினார்கள். “பாப்பா கரெக்டா கேட்டுச்சு,” என்றார் டிரில்லர். மாமா எனக்கு விடை சொல்வார் என்று காத்திருந்தேன். மறுமொழிக்கு மறுமொழி தயாராக வைத்திருந்தேன். அவர் கையிலிருந்த தூளைக் கீழே கொட்டினார். துண்டின் முனையால் நாக்கைத் துடைத்தார். முதன்முறையாக என் தோளுக்கு மேலே பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

“பேச்சு ரொம்ப நல்லா இருக்கு கண்ணு,” என்றார். துண்டை வாய்க்கு மேலே ஏற்றிக்கொண்டு, தைலமரத் தோப்புப் பக்கம் நடந்து போனார்.

“எறக்குங்கப்பா!” என்றார் அப்பா.

வேப்பமரத்தடியிலிருந்து தரகர் எழுந்து, புதுக் கயிற்றை உதறினார்.

அறுநூறு அடி வரை இறங்கியது. முப்பது ராடு. முப்பதாவதும் முதலாவது போலவே வெண்தூளைத்தான் கக்கியது. நடுவில் எப்போதோ மயிலை போய்விட்டிருந்தது. எஞ்சினின் இரைச்சலில் அதன் குரல் எங்களுக்குக் கேட்கவில்லை. வண்டி கிளம்பிய பிறகு முற்றம், கூரை, அலமாரியில் கேடயத்தின் மேல் போர்த்திய துணி எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தன. முகம் கழுவ அம்மாவிடம் ஒரு சொம்பு நீர் கேட்டேன். அரைச் சொம்பு கொடுத்தார். ஆணியில் இரண்டு பழைய கயிறுகள் தொங்கின.

அதன் பிறகு அந்தக் கோடை முழுதும் ஊரில் எத்தனையோ வண்டிகள் வந்தன. ஒன்றின் அருகிலும் மாமா வரவில்லை. ‘போதும்’ என்று சொல்ல யாரும் இல்லாமல் ராடுகள் இறங்கிக்கொண்டே இருந்தன. மேட்டுத் தெருக்காரரின் எருதுகளும் அவ்வாண்டு போயின. ஆடிக்குள் ஐந்தாறு வீடுகளில் பூட்டுத் தொங்கியது. மாமா வீடு அவற்றில் ஒன்று. சன்னல் வழியே பார்த்தேன். ஏழு புட்டிகளும் அங்கேயே இருந்தன.

நாங்களும் நிலத்தைக் கைவிட்டுச் சந்தாபுராவில் ஓர் அறைக்குக் குடிபெயர்ந்தோம். அப்பா ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலில் காவலர் ஆனார். நீலச் சட்டை, தொப்பி, உள்ளே போகும் வண்டிகளுக்கெல்லாம் ஒரு சலாம். நான் படிப்பை முடித்து, ஓசூர்ச் சாலையோரம் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எதிரே ஒரு பெருங்கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. ஒரு முற்பகலில் அதன் தரைத்தளத்தில், சாக்குச் சுற்றிய காங்கிரீட் தூண்களுக்கு ஒருவர் ரப்பர் குழாயால் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பதைக் கண்டேன். தண்ணீர் தூணில் வழிந்து, தரையில் ஓடி, சாலைக்கே வந்துகொண்டிருந்தது. வாயை மூடிய துண்டைக் கண்டு அடையாளம் கண்டேன்.

“மாமா!”

“பேச்சுக்காரப் பொண்ணு இல்ல? கொரல வச்சே கண்டுக்கினேன்.” குழாயைக் கீழே போடாமல் சிரித்தார். “இதுக்குத் தெனமும் மூணு லாரி தண்ணி கண்ணு. காய விட்டா வெடிச்சுடுமாம். மொளைக்காத கல்லுக்கு எவ்ளோ தண்ணி பாரு.”

நலம் விசாரித்தேன். அத்தை ஒரு விடுதியில் பாத்திரம் துலக்குவதாகச் சொன்னார். பிறகு, எத்தனையோ நாளாக மனத்தில் வாக்கியமாக்கி வைத்திருந்த மன்னிப்பைத் தொடங்கினேன். “மாமா, அன்று நீங்கள் மண்ணை வைத்துச் சொன்னதுதான் உண்மை. நான்தான்...”

“எனக்கு ஏது கண்ணு மண்ணு பாக்கத் தெரியும்?”

எனக்கு விளங்கவில்லை. “அந்தப் புட்டிகள்?”

“எல்லாம் நம்ம வாசப் புழுதிதான். ஒரே நாள்ல வாரிப் போட்டது.” அடுத்த தூணுக்கு நகர்ந்தார். “போர் வண்டி முன்னாடி நிக்கற ஆம்பளைக்குத் தானா நிறுத்தத் தெரியாது. நானே ஏழு போட்டவன், எனக்குத் தெரியாதா? நாலு பேர் பாக்கறாங்க, எப்பிடி நிறுத்துவான்? எவனாச்சும் ஒருத்தன் வந்து சொல்லணும். அவன் மேல பழியப் போட்டுட்டு நிறுத்திக்கலாம் இல்ல?”

“ஏழாவதை ஏன் நிறுத்தினீர்கள்?”

“திரும்பிப் பாத்தேன். உங்க அத்த வெத ராகிய மூட்டையா கட்டி வாசல்ல கொண்டாந்து வச்சிருந்தா, விக்கிறதுக்கு. அவ ஒண்ணும் பேசல.” குழாயின் வாயைக் கட்டை விரலால் அழுத்த, நீர் விசிறியாக எழுந்தது. “அந்த ராகியத்தான் அஞ்சு மாசம் தின்னோம்.”

“ஆனால் அடுத்த ஆண்டு அங்கே தண்ணீர் வந்ததே, மாமா.”

“வந்துச்சு. அடுத்த மாசியில நின்னும் போச்சு.” தலையை உயர்த்திக் காட்டினார். “தண்ணி கண்டவரு மூணாவது மாடியில சென்ட்ரிங் அடிக்கறாரு. கூப்புடட்டுமா?”

அன்று ஏன் ஒரு சொல்லும் மறுமொழி கூறவில்லை என்று கேட்டேன்.

“பதில் சொல்லணும்னா, எனக்கு மண்ணு தெரியாதுன்னு சொல்லணும். அப்பறம் அடுத்த வீட்ல எவன் கேப்பான்?” குழாயைத் தூணின் மறுபக்கம் திருப்பினார். “ஆனா நீ கேட்டதுல ஊருக்கே தெரிஞ்சு போச்சு. அதான் அப்பறம் எந்த வண்டிக்கும் போகல.”

மேலிருந்து மேஸ்திரி கன்னடத்தில் ஏதோ கத்தினார். மாமா குழாயை இழுத்துக்கொண்டு கட்டடத்தின் உட்பக்கம் போனார். மறுவாரம் பார்த்தபோது அந்தத் தூண்களிலிருந்து சாக்கை அவிழ்த்திருந்தார்கள். வேறொருவர் வேறொரு தளத்தில் நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். மாமாவை நான் மறுபடி காணவில்லை.

அவரைக் கண்ட அன்று மாலை, சந்தாபுரா அறையில் அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். குறுக்கே கட்டியிருந்த கொடி, மயிலையின் பழைய கயிறு. மாமாவைக் கண்டதையும், அவர் மண் பார்க்கத் தெரியாதவர் என்பதையும் ஏதோ புதிய உண்மையைக் கண்டறிந்தவள் போலச் சொன்னேன். அம்மா வியப்படையவில்லை.

“தெரியும்,” என்றார்.

“எப்படிம்மா?”

“அன்னிக்குக் கொட்டாய்க்கு வந்தாரு. ‘எத்தினி மாசம்மா?’ன்னு கேட்டாரு. எட்டுன்னேன். ‘அவுக்காத. நான் போயி நிறுத்திட்டு வர்றேன்’னு சொல்லிட்டு முன்பக்கம் போனாரு.” அப்பாவின் நீலச் சட்டையை உதறிக் கயிற்றில் போட்டு, சுருக்கம் நீவினார். “கயித்தப் புடிச்சிக்கினு நின்னேன். மெஷின் சத்தம் நின்னுச்சு. சரி, பொழைச்சோம்னு நெனச்சேன்.”

சட்டையின் கையை இழுத்து நேராக்கினார்.

“அப்பறம் உன் கொரல் கேட்டுச்சு.”